மஸ்கட் ஃபோர்க்கும் சங்கரன்கோவில் புற்றுமண்ணும்

மஸ்கட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பேரீச்சம்பழம் கொண்டுபோவார்கள், பாதாம் கொண்டுபோவார்கள், தைலமும் சோப்பும் கொண்டுபோவார்கள். நான் கொண்டுபோனது மலைச் சைக்கிளின் முன்பக்க ஃபோர்க். சங்கரன்கோவிலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் என் கொழுந்தன் டேனியல் கேட்டான். "அவன் என்னைக்காவது ஒண்ணு கேட்டிருக்கானா? கொண்டுபோயேன்" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

ஃபோர்க் என்றால் சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கிற கவட்டை. சாதா சைக்கிளில் அது வெறும் இரும்பு. மலைச் சைக்கிளில் மேலே பளபளவென்று இரண்டு ஒல்லிக் குழாய்கள் இருக்கும். அவை கீழே உள்ள தடித்த குழாய்களுக்குள் இறங்கி ஏறும். உள்ளே காற்று அடைத்திருப்பார்கள். சக்கரம் கல்லில் ஏறும்போது காற்று அமுங்கி அடியை வாங்கிக்கொள்ளும், நம் மணிக்கட்டு தப்பிக்கும். ஒல்லிக் குழாய் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம். மண்ணும் தூசியும் உள்ளே போகாமல் வழித்துவிடுவது அதன் வேலை. இவ்வளவு தெரிந்தால் போதும், அந்த லீவு முழுக்க நான் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பது விளங்கிவிடும்.

மணிக்கட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே மொட்டைப் பாறை மலைகளில் ஒரு குழுவோடு சைக்கிள் ஓட்டுகிறேன். இதை என் மாமியார் இன்றுவரை நம்பவில்லை. "எஸ்தர் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள்ல போறா" என்றுதான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறார்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி குழாயைத் தட்டிப் பார்த்தார், குனிந்து முகர்ந்தும் பார்த்தார். சைக்கிளுக்கான ஷாக் அப்சார்பர் என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் மலையாளத்தில் சொன்னது எனக்கு இப்படித்தான் விளங்கியது: "சைக்கிளுக்கே இவ்வளவு பெரிதாம். என் ஸ்கூட்டரில் இருப்பது செத்து ஒரு வருஷம் ஆகிறது." இரண்டு பேரும் என் சைக்கிளைப் பற்றி மறந்துவிட்டு ஸ்கூட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பெட்டியை நானே மூடி, நானே ஒட்டி, நானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

எல்லை தாண்டியதும் ஒரு கடையில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டேன். மஸ்கட்டிலும் பரோட்டா கிடைக்கும், அதை மடித்து டீயோடு தருவார்கள். இங்கே பிய்த்துப்போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, ஊறுவதற்கு நேரம் கொடுத்து, பிறகுதான் "சாப்பிடுங்க" என்கிறார்கள். அன்றைய தினத்தில் என்னை யாரும் கோபப்படுத்தாத கால் மணி நேரம் அதுதான்.

தென்காசியில் ஏறிய பஸ்ஸில் பெட்டியை நட்ட நடுவில் நிறுத்தக் கூடாது என்றார் கண்டக்டர். சீட்டுக்கு அடியில் நுழையவில்லை. மடியில் வைத்தால் முன்சீட்டுக்காரரின் பிடரியில் இடிக்கிறது. கடைசியில் படிக்கட்டின் பக்கம் சாய்த்து வைத்தோம். புளியங்குடியில் எலுமிச்சம்பழ மூட்டைகள் ஏறின. முதல் மூட்டையை என் பெட்டியின் மேல்தான் வைத்தார்கள். "அது சைக்கிள் ஷாக்கு, ஒடையக்கூடிய சாமான்" என்று கத்தினேன். மூட்டைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "பழமும்தான்க்கா நசுங்கக் கூடிய சாமான். அது பேசுதா?"

ஊருக்கு இன்னும் பாதி தூரம் இருக்கும்போது அடியில் படார் என்று ஒரு சத்தம். பஸ் ஒருச்சாய்ந்து நின்றது. "எல்லாரும் எறங்குங்க, ஸ்பிரிங் பட்டை ஒடைஞ்சுட்டு" என்றார் கண்டக்டர். எல்லாரும் இறங்கிக் குனிந்து பார்த்தோம். பார்ப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் பார்த்தோம். ஒருவர் என் பெட்டியைக் காட்டி, "அக்கா, அதுக்குள்ள ஷாக்குதான இருக்குன்னு சொன்னீய? மாட்டிப் பாப்பமா?" என்றார். வெயிலில் நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டேனியல் பைக்கோடு நின்றான். நாற்பதைத் தாண்டியவன், கனத்த உடம்பு, பெட்டியைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டான். பைக்கின் பின்னால் நான், என் மடியில் குறுக்குவாட்டில் பெட்டி. பூக்கடைத் தெருவில் போகும்போது பெட்டியின் ஒரு முனை தொங்கிய மாலை ஒன்றைக் கொத்தாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. பூக்காரம்மா ஏசியதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"ஏட்டி, இப்படிக் கறுத்துட்டியே" என்பதுதான் மாமியாரின் வரவேற்பு. பிறகு சொதியும் உருளைக்கிழங்குப் பொரியலும் இஞ்சித் துவையலும் வைத்தார். மாமியாரின் சொதிக்காக எத்தனை ஏச்சும் வாங்கலாம். சாப்பிடும்போது டேனியல் விஷயத்தைச் சொன்னான். அவனும் பஜாரில் கடை வைத்திருக்கும் ஏழு பேரும் சேர்ந்து ஒரு மலைச் சைக்கிள் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். சனிக்கிழமை முதல் பெரிய ஓட்டம். குருவிகுளம் போகிற பக்கத்தில் ஒரு பொத்தை இருக்கிறது, அதாவது மரம் மட்டை இல்லாத சின்னப் பாறைக் குன்று. சுற்று வட்டாரத்தில் மலைச் சைக்கிளுக்கு ஏற்ற இடம் அது ஒன்றுதான்.

"பொத்தைக்கு ஒரே பாதை மைனி. பேச்சியம்மாக்கா புஞ்சைக்கு உள்ள கூடித்தான் போகணும். அவுக போய்க்கிடச் சொல்லிட்டாவ. பயிர் மேல மட்டும் ஏறப்படாதுன்னாவ."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் மைனி."

அந்த அவ்வளவைத்தான் இவர்களால் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் ஃபோர்க்கை மாட்ட சுடலைமுத்துவின் சைக்கிள் கடைக்குப் போனோம். சுடலைமுத்து குழுவிலும் ஒரு ஆள். பழைய கவட்டையைக் கழற்றிப் புதியதை மாட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாட்டி முடித்து நான் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், பக்கத்து பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரெசர் குழாயை இழுத்துவந்து ஃபோர்க்கில் காற்றடித்துவிட்டார்.

"அமுக்கிப் பாருங்க மைனி, கல்லு மாதிரி இருக்கு" என்றார் பெருமையாக.

கல் மாதிரி இருப்பதற்கு நான் ஏன் கடல் தாண்டி இதைக் கொண்டுவர வேண்டும்? இருக்கிற இரும்புக் கவட்டையே கல் மாதிரிதானே இருந்தது? எங்கள் ஊரில் காற்று என்றால் டயருக்கு அடிப்பது, டயர் என்றால் கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்கக் கூடாது. சைக்கிளுக்கு, லாரிக்கு, கல்யாண வீட்டுப் பலூனுக்கு எல்லாவற்றுக்கும் இதே சட்டம். ஃபோர்க்குக்கு அப்படி இல்லை, ஆளின் எடைக்குத் தக்கபடி அடிக்க வேண்டும், ஏறி உட்கார்ந்தால் கொஞ்சம் இறங்க வேண்டும், அந்த இறக்கம்தான் அதன் உயிர் என்று சொன்னேன். சுடலைமுத்து தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

காற்றை இறக்கிவிட்டு, வீட்டு முற்றத்தில் வைத்து என்னுடைய சின்னக் கைப்பம்பால் அளவு பார்த்து அடித்தேன். ஒல்லிக் குழாயில் ஒரு தையல் நூலைக் கட்டினேன். டேனியல் ஏறி உட்கார வேண்டும், நூல் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். குழாய் இறங்கக்கூடிய தூரத்தில் கால் பங்கு இறங்கினால் சரி. நீ எத்தனை கிலோ என்று கேட்டேன். சமையலறையிலிருந்து மாமியார் ஓடிவந்தார்.

"எம்புள்ளைக்கு எடை பாக்காத. கண்ணு பட்டுரும்."

"எடை தெரிஞ்சாத்தான் அத்தை காத்து அடிக்க முடியும்."

"ஏன், ஒல்லியா இருக்கவனுக்கு ஒரு காத்து, சதை வச்சவனுக்கு ஒரு காத்தா?"

ஆமாம் என்றேன். இதைவிடத் தெளிவாக அந்த விஷயத்தை யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டேனியலை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, நூலை வைத்தே சரிபண்ணினேன். அமுங்கிய ஃபோர்க் துள்ளாமல் நிதானமாக எழும்பி வருவதற்கு அடியில் ஒரு திருகு உண்டு, அதையும் திருகி வைத்தேன். சாயங்காலம் வாசல் படியில் இறக்கிப் பார்த்தான். "மைனி, படியே தெரியலை மைனி" என்றான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி மழை கொட்டியது.

மஸ்கட்டில் மழை என்பது அபூர்வம். பெய்தால் எங்கள் குழுவில் ஒரே ஒரு வரி வரும்: இன்று யாரும் போக வேண்டாம், பாதை காயட்டும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஈரத்தில் ஓட்டினால் சக்கரம் பாதையைக் கீறிவிடும், கீறின இடத்தில் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும், அப்புறம் அது பாதை இல்லை, ஓடை. பாறை மலைக்கே இந்தப் பாடு. குருவிகுளம் பக்கம் இருப்பதோ கரிசல். நனைந்த கரிசல் செருப்பைப் பிடித்தாலே விடாது. விடிந்ததும் டேனியலிடம் வேண்டாம் என்று சொன்னேன்.

"மைனி, டீ-ஷர்ட் அடிச்சாச்சு. இட்லிக்குச் சொல்லியாச்சு. கொடி அசைக்க ஆள் வாராவ. இனிமே எப்படி வேண்டாம்னு சொல்ல?"

எங்கள் ஊரில் ஒரு காரியத்தை நிறுத்த மழைக்குச் சக்தி கிடையாது. இட்லிக்குச் சொல்லிவிட்டால் முடிந்தது. நானும் ஓர் இரவல் சைக்கிளில் கிளம்பினேன், கூடப் போனால் ஒரு வார்த்தை சொல்லலாமே என்று. ஆரஞ்சு டீ-ஷர்ட்டில் எட்டுப் பேர், சுடிதாரில் நான். கொடி அசைந்தது. எதிரே வந்த டவுன் பஸ்ஸிலிருந்து ஒரு பெண், "ஏலே, எந்தக் கட்சிலே?" என்று கேட்டாள்.

தார் ரோட்டை விட்டு இறங்கியதும் எல்லாரையும் நிறுத்திச் சொன்னேன். சேறு இருந்தால் சேற்றுக்கு நடுவில் போங்கள், ஓரத்தில் ஒதுங்காதீர்கள். ஒருவன் ஒதுங்கினால் பாதை ஒரு சாண் அகலும், எட்டுப் பேர் ஒதுங்கினால் வயல் போச்சு. முடியாவிட்டால் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடங்கள். பின்பிரேக்கை இறுக்கிச் சறுக்காதீர்கள். நடந்து வருகிறவர்களுக்கும் ஆடுமாட்டுக்கும் முதலில் வழி. எல்லாரும் "சரி மைனி" என்றார்கள். எட்டுப் பேருக்கும் நான் மைனியாகிவிட்டேன், அதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை.

முதலில் போனது டேனியல். பேச்சியம்மாள் புஞ்சையில் பாதை பள்ளமாகித் தண்ணீர் நின்றது. இரண்டு பக்கமும் உளுந்து, அப்போதுதான் இரண்டிரண்டு இலை விட்டு வரிசையாக நின்றது. டேனியல் பள்ளத்துக்கு முன்னால் ஒரு நொடி தயங்கினான். பிறகு கைப்பிடியை ஒடித்து இடது பக்கம் உளுந்துக்குள் ஏறினான். "டேனியல்!" என்று நான் கத்துவதற்குள் பின்னால் வந்த ஏழு பேரும் தலைவர் காட்டிய வழியில் ஏறிவிட்டார்கள். சிலர் நடுவில் மாட்டிக்கொண்டு, பிரேக் பிடித்து, சறுக்கி, காலை ஊன்றி, மிச்சத்தையும் மிதித்தார்கள்.

உரச்சாக்கை மழைக்குப் போடும் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் வரப்பின் மேல் நின்றார். ஐம்பது வயதிருக்கும். பின்னால் பத்திருபது ஆடுகள். ஆடுகள்கூடப் பாதையில்தான் நின்றன.

"ஏலே டேனியலு, இங்கன வா."

"அக்கா, தெரியாம..."

"என்னலே தெரியாம? கண்ணா அவிஞ்சு போச்சு? பாதையில சேறு கெடந்தா சேத்துக்குள்ளதான் போகணும். நாங்க போகல? ஒஞ் சைக்கிள் அழுக்காயிரும்னு எம் பயிர் மேல ஏறுவியோ? ஒங் கடைக்கு வந்து டப்பா டப்பாவா மிதிச்சு நடக்கட்டா?"

நான் முன்னால் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ நல்லாத்தான் சத்தம் போட்ட, கேட்டேன். ஒருத்தனும் மதிக்கலையே" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பிறகு அவர் அரிவாளை எடுத்து, உடைமரத்தில் ஒரு பெரிய முள்கொப்பை வெட்டி இழுத்துவந்து பாதைக்குக் குறுக்கே போட்டார்.

"இனி ஒரு சைக்கிள் இங்கன ஏறப்படாது. பொத்தைக்குப் பறந்து போங்க."

டேனியல் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நடந்தது நடந்துவிட்டது, இட்லி என்ன பாவம் செய்தது என்கிற முகத்தோடு. சாப்பிட்டதும் காகிதத்தட்டுகளை அங்கேயே போடப் போனார்கள். நான் போட்ட சத்தத்தில் ஆடுகள் திரும்பிப் பார்த்தன. தட்டுகள் எல்லாம் டீ-ஷர்ட்டுக்குள் போயின.

"சேத்துல எறக்குனா என்னடே? அதுக்குத்தான ஃபோர்க்கு?" என்று டேனியலிடம் கேட்டேன். கோபத்தில் எனக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

"கை மரத்துப்போச்சு மைனி. இதுக்கு முன்னால வந்த பள்ளத்துல எறக்குனதுக்கே தோள்பட்டை வரைக்கும் அடி. இதுல எறக்குனா கை கழண்டுரும்னு நெனைச்சேன். அதான் ஒதுங்கிட்டேன்."

முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை அமுக்கினேன். அசையவில்லை. என் முழு எடையையும் போட்டு அமுக்கினேன். கரக் என்றது, மயிரிழை இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். ரப்பர் வளையத்தைச் சுற்றி என்னமோ அப்பிக் காய்ந்திருந்தது. வழியில் தெறித்த கரிசல் என்றுதான் நினைத்தேன், ஆனால் கரிசல் கறுப்பு. இது பழுப்பு. தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு.

விசாரணை வீட்டு முற்றத்தில் நடந்தது. முதல் குற்றவாளி மாமியார். முந்தின நாள் நான் குளிக்கப் போன நேரத்தில், பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று ஜெபம் பண்ணி, ஜெப எண்ணெயை ஒல்லிக் குழாயில் தாராளமாகப் பூசியிருக்கிறார்.

"சைக்கிள்ல வேற எங்கனயும் பூசியிருக்கலாமே அத்தை."

"சக்கரத்தைப் பிடிச்சிருக்கது அதுதானட்டி? விழாம இருக்கணும்னா அங்கனதான பூசணும்?"

இதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

இரண்டாவது குற்றவாளி சுடலைமுத்து. ராத்திரி மழைக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணைக் குழைத்து, எண்ணெய்க்கு மேலேயே வளையத்தைச் சுற்றிக் காப்புப் போட்டிருக்கிறார். "நம்ம கோயில் புத்துமண்ணு மைனி. எந்த நோவுக்கும் கேக்கும். புதுச் சாமானுக்கு வைக்காம விடலாமா?" கிறிஸ்தவ எண்ணெயும் இந்துப் புற்றுமண்ணும் ஒற்றுமையாகக் குழைந்து, உரசித் தேய்க்கிற பசையாகி, விடிவதற்குள் வளையத்துக்குள் இறங்கிவிட்டன. மதநல்லிணக்கத்தால் ஒரு ஃபோர்க் கெட்டுப்போனது உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

"சரி, காத்து? காத்து ஏன் இப்படி இருக்கு?"

சுடலைமுத்து தரையைப் பார்த்தார். "காலைல டேனியல் அண்ணாச்சி ஏறி உக்காரும்போது முன்னால எறங்குச்சு மைனி. காத்து போயிட்டுன்னு நெனைச்சு, கொடி அசைக்கதுக்கு முன்னால ஃபுல்லா அடிச்சு வச்சேன்."

நான் அரை நாள் செலவழித்து வைத்த இறக்கத்தை அவர் அரை நிமிஷத்தில் சரிசெய்துவிட்டார். என்ன செய்வது? இரண்டு பேருமே அன்பால்தான் செய்தார்கள். அன்பை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது? போட்டேன். மாமியார் அன்று என்னோடு பேசவில்லை. மஸ்கட்டிலிருந்து வீட்டுக்காரர் போன் பண்ணி, "எங்க அம்மாவைப் பாக்கப் போனியா, சைக்கிளுக்கு சர்வீஸ் பண்ணப் போனியா?" என்றார். அவருக்கும் கிடைத்தது.

காற்றை இறக்கி, வளையத்தை மெல்லத் தூக்கி, துணியைச் சுற்றிச் சுற்றி உள்ளே இருந்த பசையை வழித்தேன். குழாயில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. நகத்தை ஓட்டினால் மாட்டியது. புது ஃபோர்க். பொத்தையை அது இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்தது.

ஃபோர்க்கைத் துடைக்கலாம், பாதையை யார் திறப்பது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டேனியலும் நானும் பேச்சியம்மாளைப் பார்க்கப் போனோம். நஷ்டத்துக்கு ஏதாவது தருகிறேன் என்று டேனியல் ஆரம்பித்ததுமே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னத்தைத் தருவ? மழை பெய்ஞ்சு வெதைச்சது. நீ தாரதை முளைக்க வைக்க முடியுமா? மறுபடி வெதைச்சுத் தா. அது முளைச்சு நிக்கட்டும், அப்பம் பேசுவோம்."

"அதுவரைக்கும் பொத்தைக்கு...?"

"நடந்து போறவனை நான் என்னைக்கு மறிச்சேன்? சைக்கிள் தரையில படப்படாது. தலையில வச்சுட்டுப் போ, தோள்ல வச்சுட்டுப் போ. அது ஒம் பாடு."

மண் கொஞ்சம் உலர்ந்ததும் எட்டுப் பேரும் மண்வெட்டியோடு வந்தார்கள். சக்கரத் தடங்களைக் கொத்தி நிரவி, அவர் கையில் கொடுத்த உளுந்தை அவர் காட்டிய இடத்தில் ஊன்றினார்கள். செல்போன் கடைக்காரருக்குக் கையெல்லாம் கொப்புளம். டேனியலுக்கு ஒரு யோசனை வந்தது. தானே மூன்று வர்ணத்தில் ஒரு போர்டு எழுதி அங்கே நட்டுவிடுகிறானாம்: பாதை காப்போம், பயிர் காப்போம். பேச்சியம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போர்டு நடுத எடத்துல ரெண்டு செடி போகும்லா? எனக்கு வாசிக்கத் தெரியும், ஆட்டுக்குத் தெரியாது. ஒங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சும் என்ன ஆச்சு?"

போர்டு யோசனை அத்தோடு போனது. அன்று மத்தியானம் டேனியல் எல்லாருக்கும் சீரகச் சம்பா மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். கொப்புளக் கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். பேச்சியம்மாளுக்கும் ஒரு பொட்டலம் போனது. வாங்கிக்கொண்டார், முள்ளை எடுக்கவில்லை.

மஸ்கட் திரும்புவதற்கு முந்தின நாள், பொத்தையை ஒருமுறையாவது பார்க்காமல் போவதில்லை என்று டேனியலோடு கிளம்பினேன். மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. முள்கொப்புக்கு முன்னால் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கொப்புக்கு ஓரமாக நுழைந்து நடந்தோம். பாதி வழியில் மல்லிகைத் தோட்டத்திலிருந்து பூப்பறித்துத் திரும்பும் பெண்கள் வந்தார்கள். வழிவிட்டு ஒதுங்கி நின்றோம். அவர்கள் அவசரப்படவில்லை. நான் யார், எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், புருஷன் ஏன் வரவில்லை, தோளில் இதை ஏன் சுமக்கிறேன் என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். அதுவரை சைக்கிள் என் தோளெலும்பில் உட்கார்ந்திருந்தது. வழிவிட வேண்டும் என்று சட்டம் சொன்னவள் நான்தான், யாரை நோவது?

பொத்தையில் ஏறி, டேனியல் தன் சைக்கிளை எனக்குக் கொடுத்தான். காற்றை என் எடைக்கு மாற்றிக்கொண்டேன். பாறைச் சரிவில் இறங்கினேன். ஒவ்வொரு படிக்கட்டுக் கல்லிலும் முன்சக்கரம் விழுந்தது, ஃபோர்க் அமுங்கியது, நிதானமாக எழும்பியது. கீறல் விழுந்த குழாயோடும் அது ஒழுங்காக வேலை செய்தது. மேற்கே மலைத்தொடர், கீழே கறுப்பு மண்ணில் பச்சைக் கோடுகள். அந்த ஒரு இறக்கத்தில் பஸ், எலுமிச்சை மூட்டை, கம்ப்ரெசர் எல்லாம் மறந்துபோனது. வாய்விட்டுக் கத்தினேன். டேனியலும் கத்தினான்.

திரும்பும்போது மறுபடி தோளில் சைக்கிள். பேச்சியம்மாள் வரப்பில் உட்கார்ந்து நாங்கள் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்ததும் முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஊருல எல்லாரும் சைக்கிள் மேல போவாக. ஒங்க மேலல்லா சைக்கிள் போகுது!"

"நீங்கதானக்கா சொன்னீய?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். செய்வியன்னு நெனைக்கலை."

ஆனாலும் முள் அங்கேயேதான் கிடந்தது. மறுநாள் நான் கிளம்பிவிட்டேன்.

மார்கழியில் ஒரு காலை, மஸ்கட்டில் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது டேனியலிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. 'மைனி, பாதை தொறந்தாச்சு' என்று கீழே எழுதியிருந்தான். முள்கொப்பைக் காணவில்லை. உளுந்து முழங்கால் உயரத்துக்கு அடர்ந்து நின்றது. பாதையில் ஆரஞ்சு டீ-ஷர்ட்டுகள் எட்டும் வரிசையாக நின்றன. சுடலைமுத்து கடைசியில் இளித்துக்கொண்டிருந்தார். ஊரில் மழை போலிருக்கிறது, பாதை நடுவில் தண்ணீர் கிடந்தது. எட்டுப் பேர் தோளிலும் சைக்கிள். திறந்த பாதையிலும் தூக்கிக்கொண்டுதான் நின்றார்கள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. படத்தை விரலால் பெரிதாக்கினேன். டேனியலின் ஃபோர்க்கில் பழுப்பாக என்னமோ ஒரு பூச்சு.

டூட்டிக்கு நேரமாகிறது என்பதும் தெரியவில்லை. உடனே போன் போட்டேன்.

"ஏலே, மறுபடியும் புத்துமண்ணா? ஒங்களுக்கெல்லாம் எத்தனை தடவைலே சொல்ல? எங்க அந்த சுடலைமுத்து?"

"மைனி, மைனி, அவன் இல்ல. பேச்சியம்மாக்கா வச்சது. வெதைச்சதும் பூச்சி பொட்டு அண்டாம இருக்கக் கோயில் புத்துமண்ணைப் புஞ்சை மூலையில வைப்பாவள்லா, அந்த மண்ணு. முள்ளை எடுத்துப் போட்டுட்டு, 'இனி இதுவும் என் புஞ்சைக்குள்ள வார போற சாமான்தானே'ன்னு அவுக கையால வச்சாவ. நான் எப்படி வேண்டாங்க?"

துடைத்துவிடு என்று சொல்ல மனம் வரவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"வளையத்துக்கு மேலயா, கீழயா?"

"கீழதான் மைனி. தடிச்ச குழாய்ல. 'மேல வச்சா எங்க மைனி மஸ்கட்ல இருந்து ஏசுவாவ'ன்னு சொன்னேன். சிரிச்சுட்டே கையைக் கீழ எறக்கிட்டாவ."

போனை வைத்துவிட்டுப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். கீழேதான் இருந்தது.